இணையவழி இலவசப் பாடம்: தன்னார்வலராகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வசதி இல்லாத பிள்ளைகளுக்கு இணையத்தில் பாடம் சொல்லித்தர வேண்டும் என்று வருகிறவர்களில் பாதிப்பேர் முதலில் கேட்பது எந்தச் செயலி நல்லது, எழுத எந்தப் பேனா வாங்கலாம் என்றுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று. செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறரை மணிக்கு, அடுத்த நான்கு மாதத்துக்கு, உங்களால் தவறாமல் வர முடியுமா? முடியும் என்றால் மற்ற எல்லாவற்றையும் போகப் போகக் கற்றுக்கொள்ளலாம். உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால் கொஞ்சம் பொறுத்துத் தொடங்குங்கள். உதவ வந்த பெரியவர்கள் பாதியில் காணாமல் போவதை ஏற்கெனவே பார்த்துப் பழகிய பிள்ளைகள் இவர்கள். அந்த வரிசையில் நாமும் ஒருவராகிவிடக் கூடாது.

இலவசமாக, ஆசிரியர் பயிற்சி இல்லாத ஒருவர், திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் உண்மையில் ஏதாவது மாறுமா என்ற சந்தேகம் நியாயமானது. 2020இல் இத்தாலியில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது மிக்கேலா கார்லானா, எலியானா லா ஃபெராரா என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் சம்பளம் வாங்காமல் பாடம் எடுத்தார்கள். படித்தவர்கள் வசதி குறைந்த வீடுகளின் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள். ஒருவருக்கு ஒருவர், வாரம் சுமார் 3 மணி நேரம், கையில் இருந்த கணினியிலோ போனிலோ. விண்ணப்பித்தவர்களில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்ததால் பாடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. மதிப்பெண் உயர்ந்திருந்தது, அதோடு பிள்ளைகளின் மனநிலையும் தேறியிருந்தது. அந்தத் தன்னார்வலர்கள் தனியே விடப்படவில்லை, கல்வி வல்லுநர்கள் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பின்னால் நின்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே ஆண்டு போட்ஸ்வானாவில் இன்னும் எளிமையாக ஒன்று நடந்தது. இணையமே இல்லை, சாதாரண போன்தான். வாரம் ஒரு முறை 15 முதல் 20 நிமிடம் அழைத்து, பெற்றோரையும் பக்கத்தில் உட்காரவைத்து ஸ்பீக்கரில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், கூடவே குறுஞ்செய்தியில் கணக்குகள் அனுப்பினார்கள். அடிப்படைக் கணக்குத் திறன் தெரியும்படி முன்னேறியது. பின்னர் இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஐந்து நாடுகளில் இதே முறையைச் சோதித்தபோதும் பலன் கிடைத்தது. "நல்ல கருவி இல்லையே" என்று தயங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

1. எத்தனை பேருக்கு, எந்தப் பாடம் என்று முடிவு செய்யுங்கள்

முதல் முறை என்றால் ஒரே ஒரு பிள்ளை. அனுபவம் வந்தபின் இரண்டு, அதிகம் போனால் மூன்று. பத்துப் பேரைச் சேர்த்தால் பத்து மடங்கு உதவி என்று தோன்றும், ஆனால் பத்துப் பேர் சேர்ந்தால் அது இன்னொரு வகுப்பறை. பள்ளி வகுப்பறையில் பேசாமல் கடைசி வரிசையில் இருந்த பிள்ளை இங்கேயும் மைக்கை அணைத்துவிட்டு அதே இடத்தில் உட்காரும்.

1984இல் பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வியியல் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 விழுக்காட்டினரைத் தாண்டிவிடுகிறார் என்பது அதன் சாரம். பிற்கால ஆய்வுகளில் அவ்வளவு பெரிய பலன் வரவில்லை, அதனால் அந்த எண்ணை அப்படியே நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் ஒரே ஆசிரியர், சிறிய எண்ணிக்கை, வாரத்தில் பல முறை என்ற மூன்றும் சேர்ந்தால் தனிப்பயிற்சி நன்றாகவே வேலை செய்கிறது என்பது திரும்பத் திரும்ப உறுதியாகி வந்திருக்கிறது.

பாடத்தைப் பொறுத்தவரை உங்களுக்குப் பிடித்த ஒன்றையோ இரண்டையோ மட்டும் எடுங்கள். எல்லாப் பாடமும் எடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டவர்கள் இரண்டாம் மாதம் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், வாரம் ஒரே நாளில் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட இரண்டு நாள் நாற்பது நாற்பது நிமிடம் உட்காருவது நல்லது.

2. தனியாக இறங்காதீர்கள்

தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு பிள்ளையின் எண்ணை வாங்கி நேரடியாக அழைத்துத் தொடங்கிவிடுவது சுலபம். நல்ல மனதோடுதான் செய்கிறோம், ஆனாலும் அது சரியான வழி அல்ல. பள்ளி, நூலகம், தொண்டு நிறுவனம், குடியிருப்போர் சங்கம் என்று பொறுப்பேற்கும் ஓர் அமைப்பு இடையில் இருக்க வேண்டும். உங்களைச் சரிபார்த்துச் சேர்ப்பவர்கள் அவர்கள், வீட்டோடு பேசுபவர்கள் அவர்கள், நீங்கள் ஒரு வாரம் படுத்துவிட்டால் மாற்று ஏற்பாடு செய்பவர்களும் அவர்கள்.

முன்மாதிரிகள் பல இருக்கின்றன. சல்மான் கான் 2004இல் தொலைவில் இருந்த தன் உறவுக்காரப் பெண்ணுக்குத் தொலைபேசியிலும் யாஹூ டூடுல் என்ற இணைய வரைபலகையிலும் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதுதான் பிறகு கான் அகாடமி என்ற இலவச இணையவழிக் கல்வி அமைப்பாக வளர்ந்தது. அவரே 2020இல் தொடங்கிய ஸ்கூல்ஹவுஸ் என்ற தளத்தில் தன்னார்வலர்கள் உலகெங்கும் உள்ள மாணவர்களுக்குச் சிறு குழுக்களாக இலவசமாகப் பாடம் எடுக்கிறார்கள். 2009 வாக்கில் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ராவின் முயற்சியில் உருவான 'பாட்டி மேகம்' இன்னொரு வகை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உட்படப் பலர் ஸ்கைப் வழியாகத் தொலைதூரப் பிள்ளைகளோடு கதை வாசித்தார்கள், பேசினார்கள், கேள்வி கேட்டார்கள். ஒரு பாட்டி பேரப்பிள்ளையின் வேலையைப் பார்த்து வியந்து ஊக்கம் கொடுப்பதுபோல என்பதுதான் அந்தப் பெயருக்குக் காரணம். இப்படி ஏற்கெனவே நடக்கிற ஒன்றில் ஒரு பருவம் சேர்ந்து செய்து பார்த்துவிட்டு, பிறகு சொந்தமாக ஏதாவது தொடங்குவது நல்லது.

3. பாதுகாப்பு விதிகளை முதல் நாளுக்கு முன்பே எழுதிவையுங்கள்

இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் போக வேண்டாம். உங்கள் மேல் சந்தேகம் என்பதற்காக இந்த விதிகள் இல்லை. பிள்ளையையும் காக்கும், உங்களையும் காக்கும்.

பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். என்ன பாடம், எந்த நாள், எந்தச் செயலி, வகுப்பு பதிவாகுமா, பதிவானால் அது யாரிடம் இருக்கும் என்பது அதில் இருக்க வேண்டும், அவர்களுக்குப் புரியும் மொழியில். வாசிக்கத் தெரியாதவர் என்றால் போனில் சொல்லி, குரல்பதிவாகச் சம்மதம் வாங்கலாம். செய்தி எதுவாக இருந்தாலும் காப்பாளரின் எண்ணுக்கு, அல்லது ஒருங்கிணைப்பாளரும் இருக்கிற குழுவுக்கு. பிள்ளையோடு தனி அரட்டை கிடையாது, சமூக ஊடகத்தில் நட்பு கிடையாது. வகுப்பு லிங்க்கை அமைப்பே உருவாக்கட்டும், ஒருங்கிணைப்பாளர் எந்த நேரமும் உள்ளே வந்து பார்க்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். பாடம் நடக்கும்போது எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைப் பெருமையாகப் பதிவிடாதீர்கள். ஏழைப் பிள்ளையின் முகம் நம் நற்பணிக்குச் சான்றிதழ் ஆகக் கூடாது.

பணமோ பொருளோ நேரடியாகக் கொடுக்காதீர்கள். டேட்டா தீர்ந்துபோய் ஒரு பிள்ளை வராதபோது நாமே ரீசார்ஜ் செய்துவிடலாமே என்று மனசு அடித்துக்கொள்ளும். அதை அமைப்பு வழியாக, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகச் செய்யுங்கள். ஒருவர் கொடுத்தால் மற்றவர் வீட்டில் எதிர்பார்ப்பு உண்டாகும், படிப்புக்காக வந்த உறவு கடன்பட்ட உறவாக மாறும்.

ஒரு பிள்ளை திடீரென்று வீட்டில் அடி விழுவதைப் பற்றியோ, யாரோ தொந்தரவு செய்வதைப் பற்றியோ சொன்னால்? பாடத்தை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், அது காப்பாற்ற முடியாத வாக்கு. துருவித் துருவி விசாரிக்கவும் வேண்டாம். "என்னிடம் சொன்னது நல்லது, இதில் உதவக்கூடிய ஒருவரிடம் நான் பேச வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, பிள்ளை சொன்னதை அதே சொற்களில் எழுதிவைத்து, அன்றே அமைப்பில் இதற்கென்று பொறுப்பில் இருப்பவரிடம் சேருங்கள். அந்தப் பொறுப்பாளர் யார் என்பது வகுப்பு தொடங்கும் முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேமரா விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. கேமராவைப் போடு என்று வற்புறுத்தாதீர்கள். ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கலாம், பின்னால் யாராவது படுத்திருக்கலாம், சுவர் பூசாமல் இருக்கலாம். பிள்ளைக்கு அது கூச்சமாக இருந்தால் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிடும், காரணமும் சொல்லாது. நோட்டின் மேல் கேமராவைத் திருப்பிவைத்தால் போதும். முகத்தைவிட எழுதும் கைதான் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

4. போன், டேட்டா, சத்தம்

உங்கள் மேசையில் மடிக்கணினி இருக்கும். எதிர்ப்பக்கம் இருப்பது விரிசல் விழுந்த திரையுள்ள ஒரு போன், அதுவும் அம்மாவோ அப்பாவோ வேலை முடிந்து வந்தபிறகுதான் கைக்கு வரும். இதை மனதில் வைத்தே நேரம் குறியுங்கள். உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லிவிட்டுச் சம்மதமா என்று கேட்டால் எல்லோரும் சரி என்றுதான் சொல்வார்கள். "போன் எப்போது வீட்டில் இருக்கும்?" என்று கேளுங்கள்.

டேட்டா கணக்கையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். வீடியோ நொடிக்கு 600 கிலோபிட் எடுக்கிறது என்று வைத்தால் ஒரு மணிக்கு 270 எம்பி, போவதும் வருவதும் சேர்ந்தால் 540. குரல் மட்டும் என்றால் நொடிக்கு 80 கிலோபிட், ஒரு மணிக்கு 36 எம்பி, இரண்டு பக்கமும் சேர்ந்து 72. ஏழில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் குறைவு. ஆகவே முதல் இரண்டு நிமிடம் முகம் பார்த்துப் பேசிவிட்டு வீடியோவை அணைத்துவிடுங்கள், தேவைப்படும்போது மட்டும் திரையைப் பகிருங்கள்.

ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் அழைப்பு துண்டிக்கப்படும். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் ஒரு மணி நேரம் வரை போகும். நாற்பது நிமிடம் என்பது குறை மாதிரித் தெரியலாம், ஆனால் போன் திரையில் ஒரு பிள்ளை அதற்கு மேல் கவனம் வைப்பது சிரமம், எனவே அந்த எல்லையை அப்படியே பாட நேரமாக வைத்துக்கொள்கிறேன்.

எழுதிக்காட்ட விலைகூடிய பேனா வேண்டாம். நாலைந்து புத்தகங்களை அடுக்கி, விளிம்பில் போனை வெளியே நீட்டியபடி வைத்து மேலே ஒரு புத்தகத்தைப் பாரமாக ஏற்றினால் கேமரா கீழே உள்ள தாளைப் பார்க்கும். வெள்ளைத்தாள், தடித்த கறுப்புப் பேனா, பெரிய எழுத்து. ஒரு தாளில் ஒரே ஒரு கணக்கு. உங்கள் பக்கத்தில் எப்படித் தெரிகிறது என்று பார்க்காதீர்கள், வேறொரு போனிலிருந்து உள்ளே வந்து பிள்ளைக்கு எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். நான் பல வாரம் அழகாகத் தயாரித்த ஸ்லைடுகளைப் பகிர்ந்துகொண்டிருந்தேன், பிள்ளையின் போனில் அந்த எழுத்து எறும்பு அளவில்தான் தெரிந்தது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியவந்தது. அது கேட்கவே இல்லை. மரியாதைக்காகத் தலையாட்டியபடி இருந்திருக்கிறது.

இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசிவையுங்கள். மூன்று நிமிடம் பார்ப்பது, வரவில்லை என்றால் காப்பாளர் எண்ணுக்குச் சாதாரண அழைப்பு, ஸ்பீக்கரில் மீதிப் பாடம். போட்ஸ்வானாவில் முழுப் பாடமே அப்படித்தான் நடந்தது.

5. முதல் அழைப்பில் பாடம் எடுக்காதீர்கள்

காப்பாளரோடு பத்து நிமிடம், பிள்ளையோடு பதினைந்து நிமிடம், அவ்வளவுதான். காப்பாளரிடம் நாள், நேரம், விதிகள் எல்லாம் ஒரு முறை சொல்லிவிட்டு, பிள்ளை எதில் கெட்டிக்காரப் பிள்ளை என்று கேளுங்கள். எதில் மோசம் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள், அதைக் கேட்க வேண்டியதில்லை. பிள்ளையிடம் பள்ளியில் பிடித்தது, பிடிக்காதது, எந்த இடத்தில் உட்கார்ந்து படிப்பாய், பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று பேசலாம். உங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள், நீங்கள் பள்ளியில் தடுமாறிய பாடம் எது என்பது உட்பட.

மொழி பற்றியும் இங்கேயே முடிவு செய்துவிடலாம். பிள்ளை வீட்டில் பேசும் மொழியில் விளக்கம், பள்ளித் தேர்வு எந்த மொழியிலோ அந்த மொழியில் கலைச்சொல். பின்னம் என்றால் என்ன என்று தன் மொழியில் புரிந்துகொண்ட பிள்ளைக்கு அதன் இன்னொரு பெயரைக் கற்க ஒரு நாள் போதும்.

6. பிள்ளை உண்மையில் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாம் வகுப்புப் பாடத்தைத் திரும்ப நடத்துவதில் பெரும்பாலும் பயன் இல்லை. பள்ளியில் அது ஏற்கெனவே நடந்துவிட்டது, ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்றால் மூன்றாம், நான்காம் வகுப்பில் எங்கோ ஒரு படி உடைந்திருக்கிறது, அதற்கு மேல் கட்டிய எல்லாம் ஆடுகிறது.

இந்தியாவில் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் பல ஆண்டுகளாக வளர்த்தெடுத்த முறை இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. வயதையோ வகுப்பையோ பார்க்காமல், பிள்ளையின் நிலையைப் பார்த்துக் குழுவாகப் பிரித்து, அந்த நிலைக்கு ஏற்றதைச் சொல்லிக்கொடுப்பது. அவர்களின் சோதனை மிக எளியது. வாசிப்பு என்றால் எழுத்து, சொல், சிறு பத்தி, கதை. கணக்கு என்றால் எண்களை அடையாளம் காண்பது, கழித்தல், வகுத்தல். வாய்மொழியாக, சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

நீங்களும் அப்படி ஒன்று தயாரித்துக்கொள்ளுங்கள். கணக்குக்குப் பத்துக் கேள்விகள், எளியதிலிருந்து மேலே ஏறும்படி. தேர்வு என்று பெயர் சொல்லாதீர்கள். விடை தவறும்போது திருத்தாமல் "இதை எப்படிப் போட்டாய், எனக்குச் சொல்" என்று மட்டும் கேளுங்கள். ஒரு பிள்ளை 52இல் 17 போனால் 45 என்று எழுதுகிறது என்று வையுங்கள். கவனக்குறைவு என்று நினைத்து அடுத்ததற்குப் போய்விடுவோம். எப்படிப் போட்டாய் என்று கேட்டால், "அஞ்சுல ஒண்ணு போனா நாலு, ஏழுல ரெண்டு போனா அஞ்சு" என்று வரும். எந்த இலக்கம் பெரியதோ அதிலிருந்து சிறியதைக் கழிப்பது என்று அது தானாக ஒரு விதி வைத்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. பத்தைக் கடன் வாங்குவது என்றால் என்ன என்பது அதன் மனதில் இல்லை. இதேபோல 1/2உடன் 1/3ஐக் கூட்டினால் 2/5 என்று எழுதுகிற பிள்ளை, பின்னத்தை ஓர் அளவாகப் பார்க்கவில்லை, மேலும் கீழும் இரண்டு தனித்தனி எண்களாகப் பார்க்கிறது. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறையுமா என்று ஒரு காகிதத்தை மடித்துக் கேட்டால் அதுவே நிமிர்ந்து பார்க்கும். அந்த நிமிடத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

இங்கே ஓர் உண்மையான சிக்கல் உண்டு. அடுத்த மாதம் பள்ளியில் தேர்வு, நீங்களோ கழித்தலில் நிற்கிறீர்கள், வீட்டில் பதற்றப்படுவார்கள். அடித்தளம் முக்கியம் என்று பிடிவாதம் பிடித்தால் பிள்ளை பள்ளியில் அவமானப்படும், தேர்வை மட்டும் துரத்தினால் உடைந்த படி அப்படியே இருக்கும். நான் செய்வது, நாற்பது நிமிடத்தில் பதினைந்தைப் பள்ளிப் பாடத்துக்கும் மீதியை அடித்தளத்துக்கும் ஒதுக்குவது. தேர்வு வாரத்தில் இதை மாற்றிக்கொள்வேன். காப்பாளரிடமும் இதை முதலிலேயே சொல்லிவிடுவேன், ஏன் என்ற காரணத்தோடு.

7. நாற்பது நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது

முதல் ஐந்து நிமிடம் பேச்சு. அடுத்த பத்து நிமிடம் போன வகுப்பில் பார்த்ததை நோட்டைப் பார்க்காமல் நினைவிலிருந்து எடுப்பது. இதை நேரம் வீணாவதாக நினைத்து விட்டுவிடாதீர்கள். ரோடிகர், கார்ப்பிகி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முன்னால் இருந்தார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நமக்கு வேண்டியது ஒரு வாரம் கழித்து நிற்கிற அறிவு.

பிறகு புதிய விஷயம், ஒரே ஒரு விஷயம். முதல் கணக்கை நீங்கள் சத்தமாக யோசித்தபடி போட்டுக்காட்டுங்கள். இரண்டாவதில் கடைசி வரியைப் பிள்ளை போடட்டும். மூன்றாவதில் பாதியை. நான்காவதை முழுக்க அதுவே போட, நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் பிள்ளை ஆசிரியர், நீங்கள் மாணவர். அது சொல்லிக்கொடுக்க வேண்டும், நீங்கள் வேண்டுமென்றே ஓரிடத்தில் தவறு செய்ய வேண்டும். அந்தத் தவறைப் பிடித்ததும் வருகிற குரலின் உற்சாகத்தை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

"புரிந்ததா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறவரிடம் எந்தப் பிள்ளையும் புரியவில்லை என்று சொல்லாது. "அடுத்த வரி என்ன வரும்?", "இதே மாதிரி ஒரு கணக்கு நீ எனக்குக் கொடு" என்று கேளுங்கள், புரிந்ததா இல்லையா என்பது தானே தெரியும்.

கேள்வி கேட்டபின் காத்திருப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். மேரி பட் ரோவ் என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். இணையத்தில் குரல் போய்ச் சேரவே தாமதம், அதனால் மனதுக்குள் ஏழு வரை எண்ணுங்கள். அந்த மௌனத்தில் நமக்குத்தான் சங்கடம், பிள்ளை யோசித்துக்கொண்டு இருக்கும்.

வீட்டுப்பாடத்தை நீங்கள் செய்து கொடுத்துவிடாதீர்கள். வீட்டில் செய்ய நீங்கள் கொடுப்பது ஐந்து நிமிடத்தில் முடியக்கூடியதாக இருக்கட்டும், மூன்று கணக்கு போதும். படம் எடுத்துக் குழுவில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பவில்லை என்றால் அடுத்த வகுப்பில் சேர்ந்தே போட்டுவிடலாம், அதைக் குற்றமாக்க வேண்டாம்.

8. வராத நாட்கள்

கட்டாயம் வரும். ஆறரை மணிக்குத் திரை முன்னால் உட்கார்ந்து ஆறு ஐம்பது வரை யாரும் வராதபோது மனசு சோர்ந்துபோகும், நம்மை மதிக்கவில்லையோ என்றும் தோன்றும். பெரும்பாலும் அப்படி இருக்காது. போன் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும், ரீசார்ஜ் முடிந்திருக்கும், தம்பிக்குக் காய்ச்சல் என்று இந்தப் பிள்ளைதான் பார்த்துக்கொண்டிருக்கும். மறுநாள் காப்பாளருக்கு அழையுங்கள். "ஏன் வரவில்லை?" என்று தொடங்காமல் "எல்லோரும் நலமா, நேற்று தேடினேன்" என்று தொடங்குங்கள். இரண்டு மூன்று முறை தொடர்ந்து தவறினால் நேரம் பொருந்தவில்லை என்று அர்த்தம், நாளையோ நேரத்தையோ மாற்றிப் பாருங்கள். அப்படியும் முடியாவிட்டால் சில வாரம் பதினைந்து நிமிடச் சாதாரண போன் பாடம்.

உங்களால் வர முடியாத நாளை முந்தைய நாளே, பிள்ளையின் காதுக்கே போகும்படி சொல்லுங்கள். ஒரு முறை நான் கடைசி நிமிடத்தில் குறுஞ்செய்தி மட்டும் அனுப்பிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். அந்தச் செய்தியை வீட்டில் யாரும் பார்க்கவில்லை, பிள்ளை போனைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த வகுப்பில் அது ஒன்றுமே சொல்லவில்லை, அம்மாதான் சொன்னார். அதற்குப் பிறகு அழைக்காமல் நான் வகுப்பை ரத்து செய்ததில்லை.

9. நாலு வரி குறிப்பு

ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும், செயலியை மூடுவதற்கு முன்பே, நாலு வரி எழுதுங்கள். இன்று என்ன பார்த்தோம், பிள்ளை தானாக எதைச் செய்தது, எங்கே நின்றது, அடுத்த முறை எதில் தொடங்க வேண்டும். "நன்றாகப் போனது" என்று எழுதினால் அது யாருக்கும் பயன்படாது. "கடன் வாங்கிக் கழிப்பது இரண்டிலக்கத்தில் வருகிறது, நடுவில் சுழியம் வந்தால் நிற்கிறது" என்று எழுதினால் அடுத்த வகுப்பு தயாராகிவிட்டது. ஆறு வாரத்துக்கு ஒரு முறை அந்தப் பத்துக் கேள்விச் சோதனையை எண்களை மட்டும் மாற்றி மீண்டும் வைத்து, பழைய தாளையும் புதிய தாளையும் பிள்ளையிடமே காட்டுங்கள். மதிப்பெண்ணை மற்றவரோடு ஒப்பிட்டே பழகிய பிள்ளைக்குத் தன்னோடு தன்னை ஒப்பிடுவது புதிதாக இருக்கும்.

10. பலரைச் சேர்த்து நடத்த நினைத்தால்

ஐந்து தன்னார்வலர், ஐந்து பிள்ளைகள் என்று தொடங்குங்கள். அவர்களைத் தவிர இன்னொருவர் பாடம் எடுக்காமல் ஒருங்கிணைப்பு மட்டும் செய்ய வேண்டும். வகுப்பு நடந்ததா என்று பார்ப்பது, வராத வீட்டுக்கு அழைப்பது, விலகுபவருக்கு மாற்று தேடுவது எல்லாம் முழு வேலை, இதைப் பகுதி நேரமாக எல்லோரும் பகிர்ந்து செய்யலாம் என்றால் யாரும் செய்ய மாட்டார்கள். தொடங்கும் முன் ஒரு மாலை எல்லோரும் கூடி, ஒருவர் பிள்ளையாக நடிக்க மற்றவர் பாடம் எடுத்துப் பழகுங்கள். 52இல் 17 கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை தன்னார்வலர்கள் அரை மணி நேரம் சந்தித்துக் குறிப்புகளைப் பகிர்ந்தால் சோர்ந்துபோகிறவர்களை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம். புதிய பிள்ளைகளைச் சேர்ப்பதை, இருக்கிற தன்னார்வலர்கள் ஒரு பருவம் தாக்குப்பிடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

11. விடைபெறும்போது

உங்கள் வேலை மாறும், ஊர் மாறும், பருவம் முடியும். ஒரு மாதம் முன்பே பிள்ளையிடம் தேதியைச் சொல்லிவிடுங்கள், நாட்காட்டியில் எத்தனை வகுப்பு மிச்சம் என்று சேர்ந்தே எண்ணுங்கள். அடுத்து வருகிறவர் கடைசி இரண்டு வகுப்பில் உங்களோடு உட்காரட்டும், உங்கள் நாலு வரிக் குறிப்புகள் முழுவதும் அவர் கைக்குப் போகட்டும். இறுதி வகுப்பில் புதுப்பாடம் வேண்டாம். முதல் வாரத்தில் பிள்ளை விடை தெரியாமல் விட்ட தாளை எடுத்து வைத்துக்கொண்டு, அதைப் புதிதாக வந்தவருக்குப் பிள்ளையே சொல்லிக்கொடுக்கட்டும். நீங்கள் மைக்கை மியூட்டில் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள்.